தள்ளி நிற்பதும் தள்ளி வைப்பதும்

(பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு, 14-02-2021 அன்று ஒலிபரப்பான வானொலி மறையுரை. வாசகங்கள்: லேவியர் 13:1-2, 44-46, 1 கொரிந்தியர் 10:31 – 11:1, மாற்கு 1:40-45)



வருகிற புதன்கிழமை, பிப்ரவரி 17, சாம்பல் புதன். வழக்கமாக அருள்பணியாளர் நம் ஒவ்வொருவரின் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை வரைந்து, மனந்திரும்பும்படி அழைப்பார். இந்த ஆண்டு அப்படி இல்லை. வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் சென்ற மாதம் 12ஆம் தேதி ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது. அதன்படி, அருள்பணியாளர் அந்த அழைப்பை எல்லாருக்கும் பொதுவாக ஒரே முறை சொல்வார். பிறகு கைகளைத் தூய்மை செய்து, முகக்கவசம் அணிந்து, எதுவும் பேசாமல் நம் தலைமீது சாம்பலைத் தூவுவார். நம்மைத் தொடமாட்டார்.

ஏறக்குறைய ஓராண்டாகத் தொடாமல் வாழப் பழகியிருக்கிறோம். கைகுலுக்கல் இல்லை, சமாதான முத்தி இல்லை, நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில், இயேசு ஒரு தொழுநோயாளரைத் தொட்ட நிகழ்ச்சியை இன்றைய நற்செய்தி நம்முன் வைக்கிறது. இதை வாசிக்கும்போது நம் கிராமங்கள் கடந்துவந்த ஊரடங்கு நாள்களைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் சொன்னது என்ன?

முதல் வாசகத்தைக் கேட்டதும், எவ்வளவு கொடுமையான சட்டம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். விவிலியத்தில் தொழுநோய் என்று வரும் சொல், இன்று மருத்துவர்கள் தொழுநோய் என்று சொல்வதை மட்டும் குறிப்பதன்று. தோலில் தோன்றும் தடிப்பு, வெண்புள்ளி, படை எல்லாம் அதில் அடக்கம். துணியில் படரும் பூசணத்தையும், வீட்டுச் சுவரில் தோன்றும் கறையையும்கூட லேவியர் நூல் இதே பெயரால்தான் அழைக்கிறது. அன்று மருத்துவமனை இல்லை, பரிசோதனைக்கூடம் இல்லை. எனவே குருதான் நோயைப் பார்த்துச் சொல்பவர். ஐயம் இருந்தால் அந்த மனிதரை ஏழு நாள் தனியே வைத்து, மறுபடி பார்ப்பார். அப்போதும் தெளிவாகத் தெரியாவிட்டால் இன்னும் ஏழு நாள். கூட்டிப் பாருங்கள், 14 நாள்! நோய் உறுதியானவர் மேலுதட்டை மூடிக்கொண்டு, பாளையத்துக்கு வெளியே வாழ வேண்டும். இதுவும் நமக்குப் புதிதாகத் தெரியவில்லை அல்லவா?

ஆக, அந்தச் சட்டத்தின் முதல் நோக்கம் மக்களைக் காப்பது. பாலைவனத்தில் கூடாரம் கூடாரமாக நெருங்கி வாழ்ந்த ஒரு கூட்டத்துக்கு அது தேவைப்பட்டது.

இன்றைய வாசகம் 13ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் 14ஆம் அதிகாரத்தையும் எடுத்து வாசியுங்கள். நோய் நீங்கியவர் திரும்பி வருவதற்கான சடங்கு அங்கே இருக்கிறது. அவர் வந்து ஊர் வாசலில் கெஞ்ச வேண்டியதில்லை. குருவே பாளையத்தைவிட்டு வெளியே சென்று அவரைப் பார்க்க வேண்டும். இரண்டு பறவைகளில் ஒன்றைப் பலியிட்டு, மற்றதை வயல்வெளியில் பறக்கவிட வேண்டும். எட்டாம் நாள் அவர் காணிக்கையோடு வருவார். ஏழையாக இருந்தால் குறைந்த காணிக்கை போதும் என்று சலுகையும் உண்டு. வெளியே அனுப்பிய சட்டம், உள்ளே அழைத்துக்கொள்ளவும் வழி வைத்திருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

தள்ளி நின்றோம்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மறுநாள் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். வானதூதர் மரியாவின் வீட்டுக்கு வந்ததை நினைக்கும் நாளில் நாம் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். 21 நாள் என்றார்கள். பிறகு மே 3 வரை, மே 17 வரை, மே 31 வரை என்று நீண்டது.

அரியலூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறோம். முந்திரிக் காடும் கொஞ்சம் புன்செய்யும் உள்ள ஊர். மார்ச், ஏப்ரல் மாதங்கள் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம். கொட்டை இருந்தது, வாங்க ஆள் வரவில்லை. நூறு நாள் வேலையும் நின்றது. ஏப்ரலில் நியாயவிலைக் கடையில் அரசு கொடுத்த 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும்தான் பல வீடுகளில் அடுப்பெரியக் காரணம்.

ஆலயக் கதவைப் பூட்டிய அன்று ஒரு பாட்டி கேட்டார்: “அம்மை போட்ட காலத்துலயும் காலரா வந்த காலத்துலயும் மாதா கோயிலுக்குத்தானே சாமி ஓடி வந்தோம்? இப்ப மட்டும் ஏன் பூட்டுறீங்க?” நியாயமான கேள்வி. நம்பிக்கை குறைந்ததாலா பூட்டினோம்?

திருச்சபைக்கு இது புதிதல்ல. 1576இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது அங்கே பேராயராக இருந்தவர் புனித சார்லஸ் பொரோமியோ. மக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த நாள்களில், தெருச் சந்திப்புகளில் பலிபீடங்கள் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றச் செய்தார். மக்கள் தங்கள் சன்னல்களிலும் வாசல்களிலும் நின்று பங்கேற்றார்கள். அவரோ நோயாளிகளைத் தேடித் தேடிப் போனார். மக்களைக் கூட்டாமல் இருந்ததும், மக்களிடம் போனதும் ஒரே அன்பின் இரண்டு செயல்கள்.

கொரோனா மூச்சின் வழியே, பேச்சின் வழியே, பாட்டின் வழியே பரவுகிறது. நம் சிற்றாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து உரத்துப் பாடுகிறவர்கள் யார்? அந்தப் பாட்டியும் அவர் வயதினரும்தான். நோய் வந்தால் அதிகம் துன்பப்படக்கூடியவர்களும் அவர்களே. அவர்களைக் காப்பதற்காகத்தான் கதவு மூடப்பட்டது. திருப்பலி நிற்கவில்லை, மக்கள் கூடுவது மட்டும் நின்றது. பங்குத்தந்தையர் மூடிய ஆலயத்துக்குள் மக்களுக்காக நாள்தோறும் பலி ஒப்புக்கொடுத்தார்கள். மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று உலகத்துக்காக மன்றாடியதை நம்மில் பலர் மாதா தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்தோம். கடலில் புயல் அடித்தபோது சீடர்கள் பயந்து கத்திய பகுதியை அன்று அவர் தம் சிந்தனைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த நாள்களில் இரண்டு செய்திகளை மக்களுக்குத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. ஒன்று, ஆன்மிக முறையில் நற்கருணை உட்கொள்வது. அப்பத்தை வாங்க முடியாதபோது, ஆண்டவரே என் உள்ளத்துக்கு வாரும் என்று உண்மையான ஏக்கத்தோடு வேண்டுவது அது. புனித தாமஸ் அக்குவினாசும் திரிதெந்தின் பொதுச்சங்கமும் கற்பித்தது, புனித அல்போன்ஸ் லிகோரி அதற்கென்றே ஒரு செபம் எழுதியிருக்கிறார். இரண்டாவது, பாவசங்கீர்த்தனம். அருள்பணியாளரை அணுகவே முடியாத நிலையில், கடவுள்மேல் கொண்ட அன்பினால் பாவங்களுக்காக மனம் நொந்து, வாய்ப்புக் கிடைத்ததும் ஒப்புரவு அருளடையாளம் பெறுவேன் என்று உறுதி செய்தால் கடவுள் மன்னிக்கிறார். இது கத்தோலிக்க மறைக்கல்வியில் உள்ள போதனை. உரோமை மனசாட்சிப் பேராயம் மார்ச் 20 அன்று இதை நினைவூட்டியது.

கிராமம் என்ன செய்தது? மாலை 7 மணிக்கு உபதேசியார் மணி அடிப்பார். அவரவர் திண்ணையில் உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். முதல் வீட்டில் தொடங்கும் மங்கள வார்த்தை அடுத்த வீட்டில் முடியும். குருத்தோலை ஞாயிறன்று பவனி இல்லை. பிள்ளைகள் தென்னங்குருத்தை வாசல் நிலையில் செருகி வைத்தார்கள். ஏப்ரல் 9, பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்கை அந்த ஆண்டு விட்டுவிடும்படி உரோமை சொல்லியிருந்தது. ஆனால் ஒரு வீட்டில் மகன் தன் தாயின் காலைக் கழுவினான் என்று பிறகு கேள்விப்பட்டோம். பெரிய வெள்ளிக் கஞ்சியை ஊர் கூடிக் காய்ச்சாமல் வீட்டுக்கு வீடு காய்ச்சினார்கள். ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா. விடியுமுன் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மெழுகுதிரி எரிந்தது. அன்பியப் பெண்கள் பிடியரிசி சேர்த்து, அடுப்பு எரியாத வீடுகளின் வாசலில் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருந்தோம். அந்த வாரத்தில் கண்ணால் பார்த்தோம்.

இதுதான் தள்ளி நிற்பது. அடுத்தவர் நலமாக இருக்க வேண்டுமே என்ற கவலையில் நாம் எடுத்துவைக்கும் பின்னடி. அதில் அன்பு குறையவில்லை.

தள்ளி வைத்தோம்

நேயர்களே, இதோடு முடித்துக்கொண்டால் நம் ஊரைப் பற்றி நாமே பெருமைப்பட்டுக்கொண்டு எழுந்து போகலாம். ஆனால் மே மாதமும் வந்தது.

சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்கள், காய்கறி தரம் பிரித்தவர்கள் லாரிகளில் ஏறியும் நடந்தும் சொந்த ஊர் திரும்பினார்கள். அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அதுவரை தொலைக்காட்சிச் செய்தியாக இருந்த நோய் நம் தெருவுக்கு வந்துவிட்டது.

நாம் சொல்லும் ஊருக்கும் மூன்று இளைஞர்கள் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முந்திய இரவே ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு வழியை அடைத்தாயிற்று. அடைத்தவர்களில் நம் அன்பியத்தினரும் இருந்தார்கள். சுகாதாரத் துறையினர் வந்து மூவரையும் பள்ளிக்கூடத்தில் தனிமைப்படுத்தினார்கள். அது சரியான செயல், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, மருத்துவமனைக்குப் போய்க் குணமாகித் திரும்பினார். மற்ற இருவருக்கும் தொற்று இல்லை. தனிமைக் காலம் முடிந்து மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் மனத்தை உறுத்துகிறது. குணமானவரின் தாய் மாடு வைத்துப் பால் கறந்து விற்றுப் பிழைப்பவர். அவரிடம் பால் வாங்குவதை ஊர் நிறுத்தியது. தெருக்குழாயில் அவர் குடம் வைத்தால், அவர் போன பிறகு குழாயைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவர் பிடிப்பார். இரண்டு வாரம் என்றால் புரிந்துகொள்ளலாம். இரண்டு மாதம் கடந்தும் அது மாறவில்லை. “எம்புள்ளைக்கு நோய் போயிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சீட்டு குடுத்தாங்க சாமி. ஊருல யாருகிட்ட சீட்டு வாங்கணும்?” என்று அந்தத் தாய் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அரசு அனுமதித்தது. ஆலயத் தரையில் ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். முதல் ஞாயிறு அந்தத் தாயும் மகனும் வந்தார்கள், ஒரு வட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆலயம் நிறைந்தது. ஆனால் அவர்களுக்கு முன்னும் பின்னும் இருந்த வட்டங்கள் கடைசிவரை காலியாகவே இருந்தன. வராந்தாவில் வெயிலில் நின்றவர்கள்கூட அங்கே வந்து உட்காரவில்லை. நற்கருணை கொடுக்கையில் பீடத்திலிருந்து அதைப் பார்த்தோம். பார்த்தும் அன்று எதுவும் சொல்லவில்லை. இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

நகரம் மட்டும் நல்லபடியாக இருந்ததா? சென்ற ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்து, ஆம்புலன்ஸ்மீது கல்லெறிந்தது. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய நேர்ந்தது. பயம் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘சமூக இடைவெளி’ என்ற சொல் ஓராண்டாக நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் சென்ற மார்ச் மாதமே ‘உடல் இடைவெளி’ என்று சொல்லத் தொடங்கிவிட்டது. ஏனென்றால் தேவைப்பட்டது உடல்களுக்கு நடுவே ஆறடி, மனங்களுக்கு நடுவே அல்ல. ஊர் வேறு, காலனி வேறு என்று வாழும் நம் கிராமங்களுக்குச் சமூக இடைவெளியைக் கொரோனா வந்து கற்றுத்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. தனிக்குவளையும் தனித்தெருவும் நாம் முன்பே அறிந்தவை. கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவ ஊர்கள் இன்றும் உண்டு. தள்ளி வைப்பதில் நமக்கு நீண்ட பழக்கம் இருந்ததால்தான் மே மாதத்தில் அது அவ்வளவு எளிதாக வந்தது. குழாயைக் கழுவிய கை அன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

இயேசு செய்தது என்ன?

இப்போது நற்செய்திக்கு வருவோம். மாற்கு சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பரிவு. பிறகு கையை நீட்டுகிறார். பிறகு தொடுகிறார். கடைசியில்தான் சொல். ஒரு சொல்லாலேயே இயேசு நலம் தந்திருக்க முடியும். நூற்றுவர் தலைவரின் பணியாளரை இருந்த இடத்திலிருந்தே குணமாக்கியவர் அவர். இந்த மனிதருக்கு நோய் நீங்கினால் மட்டும் போதாது, தன்னை ஒருவர் தொடலாம் என்பதும் தெரிய வேண்டும். அதனால் தொட்டார்.

அப்படியானால் நாமும் கட்டுப்பாடுகளை மீறித் தொட்டிருக்க வேண்டுமா? இல்லை. லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். இயேசு அவர்களைத் தொடவில்லை. இருந்த இடத்திலிருந்தே குருக்களிடம் அனுப்புகிறார், வழியிலேயே நலமடைகிறார்கள். தொட்டபோதும் தொடாதபோதும் அவருடைய பரிவு ஒன்றுதான். இன்றைய நற்செய்தியிலும் குணமானவரைக் குருவிடம் போய்க் காட்டி, மோசே கட்டளையிட்டதைச் செலுத்தச் சொல்கிறார். அதாவது, 14ஆம் அதிகாரத்துச் சடங்குக்கு அனுப்புகிறார். உடலுக்கு நலம் கிடைத்த கையோடு ஊருக்குள் அவருக்கு இடமும் கிடைக்க வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை. “ஊருல யாருகிட்ட சீட்டு வாங்கணும்?” என்ற தாயின் கேள்விக்கு இயேசு தரும் பதில் இது.

முடிவில் மாற்கு சொல்வதைக் கவனியுங்கள். வெளியே இருந்தவர் ஊருக்குள் போய் எல்லாருக்கும் அறிவிக்கிறார். இயேசுவோ ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அந்த மாற்றம் கல்வாரியில் நிறைவடைந்தது. நகர வாயிலுக்கு வெளியேதான் இயேசு துன்புற்றார் என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறது. எனவே ஒருவரை நாம் வெளியே தள்ளி வைக்கும்போது, அவர் நிற்கும் இடத்தில் ஏற்கெனவே இயேசு நின்றுகொண்டிருக்கிறார்.

இந்தத் தவக்காலத்தில்

நம் நாட்டில் சென்ற மாதம் 16ஆம் தேதி தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். கோயம்பேட்டுக்கும் திருப்பூருக்கும் நம் இளைஞர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முகக்கவசத்தையும் கைகழுவுதலையும் இப்போதே விட்டுவிட வேண்டாம். அது தள்ளி நிற்பது, அன்பின் கடமை. ஆனால் தள்ளி வைத்தவர்களை மறுபடி சேர்த்துக்கொண்டோமா? லேவியர் நூல் அதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தது. வெளியே அனுப்புவதற்கு நம்மிடம் கருவேல முள் இருந்தது. திரும்ப அழைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

தவக்காலத்துக்குச் செபம், நோன்பு, ஈகை என்று மூன்று முயற்சிகளைத் திருச்சபை தருகிறது. இந்த ஆண்டு அவற்றை இப்படிச் செய்து பார்ப்போம். சிலுவைப்பாதைச் செபத்தின்போது, ஊரடங்கு நாள்களில் 20 பேருக்குமேல் கூட முடியாமல், சொந்தங்கள் முகம் பார்க்காமலே அடக்கம் செய்யப்பட்ட நம் ஊர் இறந்தோரைப் பெயர் சொல்லி நினைவுகூர்வோம். நோன்பு நாளில் மிச்சமாகும் பிடியரிசியைத் தெரு பார்க்காமல் தேவை பார்த்துக் கொடுப்போம். ஈகை என்பது காசு மட்டுமல்ல. யார் வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தினோமோ, அந்த வீட்டு வாசலுக்குச் சொம்பை எடுத்துக்கொண்டு போவதும் ஈகைதான். குரு பாளையத்துக்கு வெளியே போக வேண்டும் என்றது சட்டம். எனவே முதல் சொம்போடு முதல் ஆளாகப் போக வேண்டியவர்கள், பீடத்திலிருந்து பார்த்தும் பேசாமல் இருந்த நாங்கள்தான். சாம்பல் புதனன்று காலை அந்த வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். அடுத்த ஞாயிறு அந்த இரண்டு வட்டங்களில் உட்கார யாராவது வர வேண்டும் என்று காத்திருக்கிறோம்.

மன்றாடுவோம்: ஆண்டவராகிய இயேசுவே, ஊருக்கு வெளியே நின்றவரைத் தேடித் தொட்டவரே, நாங்கள் அன்பினால் தள்ளி நின்ற நாள்களை ஏற்றுக்கொள்ளும். அச்சத்தினால் தள்ளி வைத்த நாள்களை மன்னியும். எங்கள் தலைமீது விழும் சாம்பல், நாங்கள் அனைவரும் ஒரே மண் என்பதை எங்களுக்கு நினைவூட்டட்டும். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் காலம் முதல் எங்கள் முன்னோர் அடைக்கல மாதா என்று அழைத்துவரும் உம் அன்னையைப் போல, திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும் எங்கள் ஊர் அடைக்கலமாக இருக்கட்டும். ஆமென்.